இலைக்கஞ்சியும் இறுகிய இரத்தமும்

உங்கள் வீட்டில் யாராவது இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை, அதுதான் மாத்திரை, போடுகிறவர் இருந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது சமைக்கிற ஆளையும் குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். போன ஆவணியில் நான் பதின்மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததற்குக் காரணம், என்னில் உயிரையே வைத்திருக்கிற ஒரு மனுசன் விடியக் காலமை ஆற்றி ஆற்றித் தந்த இலைக்கஞ்சி. கேட்கிற சனம் சிரிக்குது. சிரிக்கட்டும், நானும் இப்போது சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டு கேட்டது மனதில் நிற்கும்.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். பெயர் மனோன்மணி. மணியக்கா என்று கேட்டால்தான் யாரும் வழி காட்டுவார்கள். எங்கள் ஊர் வடகரை. விடியக் கரைக்குப் போய் மீன் எடுத்து, றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, ஸ்கூட்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அச்சுவேலி, நீர்வேலி என்று ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோய் விற்கிறது என் தொழில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் மற்ற ஆட்களின் வாயிலிருந்து படித்ததுதான். ஒரு படலையடியில் யாராவது நல்ல கதை ஒன்று சொல்லிவிட்டால், வீட்டுக்குப் போய் இவருக்கு அதை அப்படியே சொல்லிக் காட்டும்வரை எனக்குச் சோறு இறங்காது. இவர் என்றால் என் மனுசன் சிவராசா. கடலுக்குப் போகிறவர். ஆள் அதிகம் கதைக்க மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் கதைக்கிறேன்.

சின்ன வயதில் எனக்கு மூட்டுக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது இருதயத்துக்குள் இருக்கிற நாலு கதவில் ஒன்றைப் பழுதாக்கிவிட்டுப் போனது. ஏழு வருசத்துக்கு முன் கொழும்பில் நெஞ்சைத் திறந்து அந்தக் கதவை எடுத்துவிட்டுச் செயற்கைக் கதவு ஒன்று வைத்தார்கள். அது மூடுகிற ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். சத்தம் சந்தடி இல்லாத இடமென்றால் பக்கத்தில் இருக்கிறவருக்கும் கேட்கும். "எங்கடை வீட்டுக்கு மணிக்கூடு தேவையில்லை" என்று இவர் வருகிற ஆட்களுக்குச் சொல்லுவார்.

இந்தக் கதவில் ஒரு சங்கடம் இருக்கிறது. இரத்தம் அதை வேற்றுப் பொருளாகப் பார்த்து, அதில் ஒட்டி உறையப் பார்க்கும். அதைத் தடுக்கிறதுக்குத்தான் வார்பரின் என்கிற குளிசை. உயிர் இருக்கும் மட்டும் போட வேண்டும். அளவு சரியா என்று பார்க்க மாதம் ஒருமுறை கிளினிக்கில் இரத்தம் எடுத்து ‘ஐ.என்.ஆர்.’ என்று ஒரு எண் சொல்லுவார்கள். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை ஒரு சாதாரண ஆளோடு ஒப்பிட்டுப் போடுகிற எண் அது. உங்களுக்கெல்லாம் அது ஒன்று. எனக்கு மூன்றுக்குக் கிட்ட நிற்க வேண்டும். இறங்கினால் கதவில் இரத்தம் கட்டும். மிஞ்சி ஏறினால் பல் தீட்டினாலே வாய் சிவக்கும். ஏழு வருசமும் என் எண் வகுப்பில் முன் வாங்கில் இருக்கிற பிள்ளை மாதிரி ஆடாமல் அசையாமல் இருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போக முந்தின மாரியில் இவரின் படகு இயந்திரம் நின்று, இரண்டு பகலும் இரண்டு இரவும் ஆள் கரைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. அந்த இரண்டு நாளில் நான் நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்தேன்: ஆள் முழுசாக வந்து சேர்ந்தால், வருகிற திருவிழாவுக்குக் கொடியேறின நாளிலிருந்து இருபத்தைந்து நாளும் மீன் மச்சம் தொடமாட்டேன். மற்ற வருசங்களில் நான் வெள்ளிக்கிழமையும் தேரும் தீர்த்தமும்தான் சைவம். காலமை மீன், மத்தியானம் மீன், அதுதான் என் உடம்பு பழகின சாப்பாடு. ஆனால் கொடியேறினால் ஊர் முழுக்கச் சைவம். மீன்காரிக்கு வேலை இல்லை. வீட்டோடு இருக்கலாம், நேர்த்தியையும் தீர்க்கலாம் என்று நினைத்தேன்.

இவருக்கு அது பொறுக்கவில்லை.

"எனக்காகத்தானே நேர்ந்தனீ. மீன் இல்லாட்டி உன்ரை உடம்பு வத்திப் போடும். சமையலை நான் பாக்கிறன். நீ பேசாமல் இரு" என்றார்.

கல்யாணம் கட்டி இருபத்தாறு வருசத்தில் குசினிக்குள் தேத்தண்ணி போடுகிறதற்கு மேல் போகாத மனுசன், விடிய எழும்பி வேலியோரம் இலை ஆய்கிறதை நான் கண்ணால் கண்டேன். முசுட்டை, முருங்கை, வல்லாரை, தவசி முருங்கை எல்லாவற்றையும் இடித்துச் சாறு பிழிந்து, சிவப்புப் பச்சையரிசிக் கஞ்சியில் விட்டு, தேங்காய்ப்பால் சேர்த்து, ஒரு செம்பு நிறைய எனக்குத் தருவார். மத்தியானம் முருங்கையிலை வறை. பின்னேரம் வல்லாரைச் சம்பல். நீர்வேலியில் என் நெடுநாள் வாடிக்கைக்காரி பரமேசக்கா என் நேர்த்தியைக் கேள்விப்பட்டு, தன் தோட்டத்துப் பொன்னாங்காணியைப் பிடி பிடியாகக் கட்டி பஸ்சில் கொடுத்துவிட்டா. "இலை எல்லாம் இரத்தம் ஊற வைக்கும்" என்று இவர் சொல்லுவார். நானும் செம்பை வழித்துக் குடித்தேன். உண்மையைச் சொன்னால், கஞ்சி நல்ல ருசி.

கொடியேறிப் பதினெட்டாம் நாள். கிணற்றடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன், மூச்சு வரவில்லை. கதிரையில் இருந்தும் ஆறவில்லை. இவர் பக்கத்தில் வந்து குனிந்து என் நெஞ்சுக்குக் காது கொடுத்தார்.

"மணி, உன்ரை சத்தம் ஏன் போர்வைக்குள்ளை கேக்கிற மாதிரிக் கிடக்கு?"

ஓட்டோ பிடித்து நேரே பெரியாஸ்பத்திரி.

அங்கே இரத்தம் எடுத்தார்கள். மூன்றில் நிற்க வேண்டிய எண் ஒன்று தசம் நாலு, ஒன்றரைகூட இல்லை. நெஞ்சில் குளிர்ந்த களிம்பு பூசி, ஒரு கருவியை வைத்து அழுத்தி எக்கோ ஸ்கான் எடுத்தார்கள். அது கதிர் இல்லை, சத்தத்தை உள்ளே அனுப்பி அது திரும்பி வருகிற விதத்தை வைத்துப் படம் கீறுகிற வேலை. இருதய வாட்டின் பெரிய டொக்டர் திரையைக் காட்டினார்.

"இது உங்கடை கதவு. இந்தக் கரையிலை ஒட்டிக்கொண்டு நிக்குது பாருங்கோ, அது உறைஞ்ச இரத்தம். சின்னன்தான். ஆனால் வளர்ந்தால் கதவு இறுகும். உடைஞ்சால் மூளைக்குப் போகும்."

"என்ன செய்யிறது, டொக்டர்?"

"கையாலை ஒரு மருந்து ஏத்துவம். அது உடனே வேலை செய்யும், புதிசாய்க் கட்டவிடாது. அதோடை குளிசையைக் கூட்டி அந்த எண்ணை மேலை கொண்டரவேணும். எண் ஏறி நிண்டால் கட்டி தானாய்க் கரையும். பத்துப் பன்ரெண்டு நாள் பாப்பம். கரையேல்லை எண்டால் கொழும்புக்கு அனுப்பித் திரும்ப நெஞ்சைத் திறக்கத்தான் வேணும்."

திரும்ப நெஞ்சைத் திறக்கிறதா? முதல் முறைக்குப் பிறகு மூன்று மாதம் நான் ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இருமினேன். தும்மல் வந்தால் கந்தனைக் கூப்பிட்டேன். இரண்டாம் முறை முதல் முறையைவிடக் கடினம் என்று டொக்டரே சொன்னார். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் எண் ஏற வேண்டும். அவ்வளவுதான் எனக்கு அப்போது உலகத்தில் வேண்டியிருந்தது.

பெண்கள் வாட்டில் யன்னலோரக் கட்டில் கிடைத்தது. கையில் மருந்து ஏறுகிற பம்பு ஒன்று நிமிசத்துக்கு ஒருமுறை கீச்சிட்டது. பக்கத்துக் கட்டிலில் குருநகர் ஆள் ஒருவர்: றீற்றா ரீச்சர். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவ. அவவுக்கு இருதயத் துடிப்பு தாளம் தப்புகிற வருத்தம். வாய் மட்டும் தாளம் தப்பாது. முதல் நாள் மத்தியானமே மகள் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியை என் பக்கமாகத் திறந்தா. பாரைமீன் குழம்பு. வாட்டு முழுக்க மணம்.

"எடும், மணி. ஒரு துண்டு."

"ஐயோ ரீச்சர், நான் நேர்த்தி. தீர்த்தம் முடிஞ்சால்தான்."

"தீர்த்தத்துக்கு எத்தினை நாள் கிடக்கு?"

"ஏழு."

"அப்ப நீர் அந்தப் பக்கம் திரும்பிப் படும். நான் இந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிடுறன். மணத்துக்கு ஒண்டும் செய்யேலாது, அதுக்கு மதம் இல்லை."

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டிலும் மீன் வந்தது. நான் தொடவில்லை. அதனால் டொக்டர் உத்தரவு வாங்கி எனக்கு வீட்டுச் சாப்பாடு. இவர் முதல் பஸ்சில் ஏறி, காலமை ஆறரைக்கு ஒரு பெரிய பிளாஸ்கோடு வாட்டு வாசலில் நிற்பார். மத்தியானம் மூன்று தட்டுக் கரியர். வீட்டில் இருந்ததைவிட இப்போது அளவு கூட. ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளுக்கு இரட்டிப்பாக ஊற வேண்டாமா?

எண் ஏறவில்லை. குளிசையைக் கூட்டினார்கள். முதல் நாள் ஒன்று தசம் நாலு. அடுத்த நாள் ஒன்று தசம் ஐந்து. பிறகும் ஐந்து. பிறகு திரும்ப நாலு.

பெரிய டொக்டருக்கு விளங்கவில்லை. "குளிசை போடாமல் விட்டனீங்களோ?" என்று கேட்டார். இவர் வீட்டிலிருந்து குளிசைப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார், எல்லாம் சரி. அதற்குப் பிறகு மருந்து கொடுக்கிற தாதி, எங்கள் மிஸ்ஸி, முன்னால் நின்று நான் விழுங்குகிறதைப் பார்த்தா. "நாக்கைத் தூக்குங்கோ... கீழை காட்டுங்கோ..." ஐம்பத்திரண்டு வயதில் நான் குளிசை ஒளிக்கிற கள்ளி ஆனேன். றீற்றா ரீச்சர் கட்டிலில் இருந்து, "வலப்பக்கக் கொடுப்பையும் பாரும் மிஸ்ஸி, அதுக்குள்ளை நாலு வைக்கலாம்" என்று உசுப்பிவிட்டா.

"சாப்பாட்டிலை ஏதும் மாற்றம்?" என்றும் டொக்டர் கேட்டார். கட்டாயம் கேட்டார். கிளினிக்கிலும் ஏழு வருசமாக ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்வி அது.

"ஒண்டும் இல்லை டொக்டர். சைவந்தான்" என்றேன்.

அதை இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டத் தோன்றும். நான் பொய் சொல்லவில்லை. மீன் விட்டது எனக்குச் சாப்பாட்டு மாற்றம் இல்லை, நேர்த்தி. கஞ்சி சாப்பாடு இல்லை, குடிக்கிற சாமான். வறை கறிக் கணக்கிலேயே வராது, அது சோற்றுக்குக் கரையில் கிடக்கிறது. வேலியில் முளைக்கிற இலையைப் போய் யாராவது டொக்டருக்குச் சொல்லுவார்களா? எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்லுவார்கள் என்று சத்தியம் பண்ணுவேன்.

ஐந்தாம் நாள் காலமை இரத்தம் எடுக்க வந்தது பயிற்சி டொக்டர் நிலூஷா. குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. யாழ்ப்பாணத்துக்கு வந்த பிறகுதான் தமிழ் படித்தது. பிழை விட்டால் தானே முதலில் சிரித்துவிடும், அதனால் எங்களுக்குப் பிழையே தெரியாது. முந்தின நாள் முழுக்க வேலை, கண் இரண்டும் சிவந்திருந்தது. ஊசியைக் குத்தி எடுத்துவிட்டுப் பஞ்சை அமத்துகிற நேரம் இவர் பிளாஸ்கின் மூடியைத் திறந்தார். பிள்ளை மூக்கை நிமிர்த்தியது.

"அம்மா, இது என்ன மணம்? இது எங்கட வீட்டு மணம்!"

"இலைக்கஞ்சி, பிள்ளை."

"கொலகெந்த! அம்மா காலையில செய்வாங்க. எட்டு மாசம் குடிக்கல்ல."

இவருக்கு அதைக் கேட்டது போதும். மூடி நிறைய வார்த்து நீட்டிவிட்டார். பிள்ளை நின்றபடியே ஒரு மிடறு குடித்தது. கண்ணை மூடியது. இன்னொரு மிடறு.

"சரியான நல்லா இருக்கு ஐயா. என்னென்ன இலை?"

இருபத்தாறு வருசத்தில் இவர் சமையலை முதல்முதல் ஒரு டொக்டர் மெச்சுகிறா. மனுசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்புவிக்கத் தொடங்கினார்.

"முசுட்டை, முருங்கை, வல்லாரை, தவசி முருங்கை. எல்லாம் சாறாய்ப் பிழிஞ்சு விடுறனான், சக்கை தட்டுப்படாது. மத்தியானம் முருங்கையிலை வறை. இவவுக்கெண்டு கொஞ்சம் கூடப் போடுறனான். பொன்னாங்காணிச் சுண்டல் நேற்றும் குடுத்தனான், பின்னேரம் வல்லாரைச் சம்பல்..."

பிள்ளையின் வாயருகில் மூடி அப்படியே நின்றுவிட்டது.

"ஐயா... இது ஒவ்வொரு நாளுமா?"

"ஓம், ஒவ்வொரு நாளும். ரெண்டு நேரம், சில நாளைக்கு மூண்டு."

"எவ்வளவு நாளா?"

"கொடியேறினதிலையிருந்து..." இவரின் குரல் இறங்கத் தொடங்கியது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "இருபத்திரண்டு நாள். ஏன் பிள்ளை? பிழையோ?"

நிலூஷா மூடியில் இருந்த மிச்சத்தை ஒரே இழுவையில் குடித்து முடித்துவிட்டு, "பிழை இல்ல ஐயா, ஆனா பெரிய விசயம்" என்று சொல்லிக்கொண்டு பெரிய டொக்டரைத் தேடி ஓடியது. இரத்தம் எடுத்த குப்பியைக் கட்டிலில் மறந்துவிட்டுத் திரும்பவும் ஓடிவந்து எடுத்துக்கொண்டு போனது.

பெரிய டொக்டர் வந்தார், பிளாஸ்கைத் திறந்து பார்த்தார், தலையை ஆட்டினார். ஏசவில்லை. "உங்களைக் கேட்ட கேள்வியை நான்தான் பிழையாய்க் கேட்டிட்டன். சாப்பாட்டிலை மாற்றமோ எண்டு கேட்டிருக்கக்கூடாது, இலை என்ன தின்னுறீங்கள் எண்டு கேட்டிருக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, விளக்கமாகச் சொல்லிக் கொடுக்கும்படி நிலூஷாவை விட்டுவிட்டுப் போனார். பிள்ளை ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் படம் கீறியது.

"இரத்தம் உறையிறதுக்குச் சில புரதம் வேணும் அம்மா. அதை ஈரல் செய்யுது. செய்து முடிக்க விற்றமின் கே வேணும். ஒருக்கா வேலை செய்தா அந்த விற்றமின் களைச்சுப் போகும். ஈரல் அதைச் சரிப்படுத்தித் திரும்பப் பாவிக்கும். உங்கட குளிசை அந்தச் சரிப்படுத்துற வேலையை நிப்பாட்டுது. அப்ப புரதம் சரியா வராது, இரத்தம் லேசில உறையாது. ஆனா பச்சை இலையில விற்றமின் கே நிறைய இருக்கு. ஐயா ஒவ்வொரு நாளும் புதுசு புதுசா உள்ள அனுப்புறார்."

எனக்கு அது பளிச்சென்று பிடிபட்டது. ஈரல் எங்கள் வலைக் கொட்டில். உள்ளே ஆட்கள் இருந்து வலை பின்னுகிறார்கள். அந்த வலைதான் இரத்தத்தைக் கட்டுகிறது. விற்றமின் கே என்கிறது வலை பின்னுகிற ஊசி. ஊசியில் சுற்றின நூல் முடிந்தால், ஒரு ஆள் இருந்து திரும்பச் சுற்றிக் கொடுக்க வேண்டும். என் குளிசை நூல் சுற்றுகிற அந்த ஆளின் கையைப் பிடித்து வைத்திருக்கிறது. வேலை மெல்லமாய்த்தானே நடக்கும். அந்த நேரம் பார்த்து என் மனுசன் காலமையும் மத்தியானமும் நூல் சுற்றின ஊசிகளைக் கடகம் நிறையக் கொண்டுவந்து கொட்டினால்?

இதைச் சொன்னதும் றீற்றா ரீச்சர் கட்டிலில் எழும்பியிருந்து கை தட்டினா. "உடம்புக்குள்ளை கட்டுறதும் உடைக்கிறதுமாய் நடக்கிற வேலை முழுக்கத்துக்கும் அனுசேபம் எண்டு பேர். முப்பது வருசம் கரும்பலகையிலை எழுதினன். பிள்ளையள் கொட்டாவி விட்டுதுகள். நீர் ஒரு வலை ஊசியோடை முடிச்சுப்போட்டீர்!"

பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "உங்கடை முருகன் மீன் வேண்டாமெண்டுதானே சொன்னவர். ஆடு மாதிரி இலை தின்னச் சொன்னவரோ?" என்றா.

வாட்டு முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் இவர் இல்லை. எப்போது வெளியே போனார் என்று நான் கவனிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆள் வரவில்லை. அன்றைக்கு என்னைப் பார்க்க வந்த பரமேசக்காதான் சொன்னா: "உன்ரை மனுசன் கீழை வேப்பமரத்தடியிலை பிளாஸ்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறார். கூப்பிட்டன், வரமாட்டாராம்." பொன்னாங்காணி கொடுத்துவிட்ட குற்றத்தில் அவவுக்கும் முகம் கறுத்துப் போயிருந்தது.

"போய்ச் சொல்லுங்கோ அக்கா, அவர் வராட்டி இந்தப் பம்பையும் இழுத்துக்கொண்டு நான் இறங்கி வாறன் எண்டு."

ஐந்து நிமிசத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"நானே குடுத்துப்போட்டன், மணி. என்ரை கையாலை."

"இஞ்சாருங்கோ. மாரியிலை ரெண்டு நாள் கடலிலை நிண்டு போட்டு வந்தனீங்கள். அப்ப நான் உங்களை ஏசினனானோ?"

"ஏசினனீ."

"... சரி, ஏசினனான். ஆனால் சோறு போட்டிட்டுத்தானே ஏசினனான்?"

"இல்லை. முதல் ஏசிப்போட்டுத்தான் போட்டனீ."

பரமேசக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டா. எனக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் அவரும் சிரித்தார். இருதயக் கதவில் கட்டியோடு, கையில் பம்போடு, நான் அந்த மத்தியானம் சிரித்தது மாதிரி என் வாழ்க்கையில் சிரித்ததில்லை. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் இருட்டுக்குள் இருந்த பயத்துக்கு முகம் தெரிந்துவிட்டது. அது இலை முகம்.

அன்றிலிருந்து, டொக்டர் சொல்லி எனக்கென்று மீன் இல்லாமல் வந்த ஆஸ்பத்திரி மரக்கறிச் சாப்பாடு. பூசணி, பீற்றூட், பருப்பு. இலை வரத்து நின்றதும் எண் சட்டென்று மிஞ்சி ஏறிவிடக்கூடாது என்று கூட்டின குளிசையைத் திரும்பக் கொஞ்சம் குறைத்தார்கள். இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒன்று தசம் ஒன்பது. நிலூஷா அந்த எண்ணைத் தூரத்திலிருந்தே விரலால் காட்டிக்கொண்டு வந்தது. பிறகு இரண்டு தசம் நாலு. பிறகு இரண்டு தசம் எட்டு. அன்று காலமை நான் பல் தீட்டிவிட்டு வந்து கட்டிலில் இருந்தபோது, றீற்றா ரீச்சர் பத்திரிகையை இறக்கிவிட்டு, "என்ன சத்தம் அது? பல்லி ஏதும் சொல்லுதோ?" என்று கேட்டா. என் கதவு. போர்வையை விட்டு வெளியே வந்துவிட்டது. "ஓம் ரீச்சர், நல்லது சொல்லுது" என்றேன்.

இதற்கிடையில் தீர்த்தம் முடிந்து நேர்த்தியும் தீர்ந்தது. அடுத்த நாள் மத்தியானம் றீற்றா ரீச்சரின் மகள் எனக்கென்று தனியாக ஒரு பெட்டி கொண்டுவந்தா. விளைமீன் குழம்பு, உப்புப் புளி குறைத்து வைத்தது. இவர் முந்திக்கொண்டு ஓடிப்போய் நிலூஷாவைக் கேட்டுவிட்டு வந்தார்: "மீனுக்கு ஒண்டும் இல்லையாம்." இருபத்தைந்து நாளைக்குப் பிறகு வாயில் வைத்த முதல் துண்டு. எனக்குக் கண்ணீர் வந்தது. "உறைப்போ?" என்று ரீச்சர் கேட்டா. நான் இல்லையென்று தலையை ஆட்டினேன், வாய் நிறைய மீன்.

அந்த நாட்களில் ரீச்சரும் நானும் இலையைப் பற்றி நிறையக் கதைத்தோம். சாப்பாடு என்றால் வயிற்றை நிரப்புகிற சாமான் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். மஞ்சளின் மஞ்சளுக்குள்ளும், உள்ளிப்பூண்டின் மணத்துக்குள்ளும், பாகற்காயின் கைப்புக்குள்ளும் சின்னச் சின்னப் பொருட்கள் இருக்கின்றன. அவை உடம்பின் கலங்களுக்குள் போய்ச் சில வேலைகளைத் தூண்டும், சில வேலைகளை அடக்கும். கறியில் போடுகிற அளவில் அவை நல்ல அயலட்டைச் சனம் மாதிரி. "ஆனால் உள்ளியையும் இஞ்சியையும் மஞ்சளையும் குளிசையாயும் தூளாயும் அளவுக்கு மிஞ்சி எடுத்தால், உம்மைப்போல ஆளுக்கு இரத்தம் கசியத் தொடங்கும்" என்றா ரீச்சர். நிலூஷாவிடம் கேட்டோம், ஓம் என்றது. யாரோ சொன்னார் என்று ஏதாவது சாறு குடிக்க முதல், கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். வேலியில் முளைக்கிறதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. இதை வாசித்துவிட்டு யாரும் கீரையை அடியோடு விட்டுவிடாதீர்கள். நான் அப்படித்தான் கேட்டேன்: "இனி இலைப் பக்கம் தலை வைச்சும் படுக்கக் கூடாதோ?" நிலூஷா இரண்டு கையையும் ஆட்டியது. "ஐயோ இல்ல அம்மா! இலை நல்லது. எலும்புக்கும் அந்த விற்றமின் வேணும். விட்டா ஒரு பிரச்சினை, கொட்டினா ஒரு பிரச்சினை. ஒரே அளவா இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல."

பதின்மூன்றாம் நாள் திரும்ப ஸ்கான். அந்தக் குளிர்ந்த களிம்பு, அதே இருட்டு அறை. பெரிய டொக்டர் திரையைப் பார்க்கிறார், நான் அவரின் முகத்தைப் பார்க்கிறேன். கருவியை ஒருமுறை அமத்தினார். திருப்பினார். இன்னொருமுறை அமத்தினார். இவரை உள்ளே விடமாட்டார்கள். கதவுக் கண்ணாடியில் இவரின் மூக்கு மட்டும் தெரிந்தது. கொழும்பு பஸ், நெஞ்சோடு கட்டின தலையணை, எல்லாம் அந்த இரண்டு நிமிசத்துக்குள் எனக்குள் ஓடின.

"கரைஞ்சு போச்சு" என்றார் டொக்டர். "ஒரு பொட்டளவு நிழல் கிடக்கு. அதுவும் போகும். கொழும்பு தேவையில்லை. நாளைக்கு வீட்டை போகலாம்."

நான் களிம்பைத் துடைக்காமலே எழும்பி இருந்துவிட்டேன். நிலூஷா கதவைத் திறந்து இவரை உள்ளே விட்டது. செய்தியைக் கேட்டுவிட்டு மனுசன் சுவரைப் பிடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் டொக்டரைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப டொக்டர், நாளைக்கு இவவுக்கு நான் என்ன சமைக்கிறது?"

"நாளையிண்டைக்கு என்ன சமைப்பீங்களோ, அதுதான்."

"நாளையிண்டைக்கு?"

"அதுக்கு அடுத்த நாள் சமைக்கிறதுதான். இலை எவ்வளவு எண்டு நீங்களே ஒரு அளவு வையுங்கோ. ஒரு கைபிடி எண்டால் ஒரு கைபிடி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். குளிசையை நாங்கள் அதுக்குப் பொருத்தித் தாறம்."

இவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். விரலை மடக்கிப் பிடித்துப் பார்த்தார். அது பெரிய கை. கொஞ்சம் தளர்த்தினார்.

"இப்பிடி முப்பது வருசமும் ஒரே கைபிடியோ?"

டொக்டர் சிரித்தார். "முப்பது வருசமெண்டு நான் சொல்லேல்லையே, ஐயா."

"நான் சொல்லுறன்" என்றார் இவர்.